திறந்து கேட்டவற்றின் பட்டியல்

அன்று காலை, வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் இருந்தவர்களை முதலில் எழுதி வைக்கிறேன். பிற்பாடு, அங்கே நானும் பொலிசும் மட்டும்தான் இருந்தோம் என்று ஒரு பேச்சு வந்தது. அதனால்தான்.

கண்டக்டர் ஐயா இருந்தார். யாருக்கு எந்த மலை, எத்தனை மரம் என்று பிரித்துக் கொடுப்பவர். கணக்கப்பிள்ளை இருந்தார், கக்கத்தில் செக்ரோல் என்கிற பேர்ப்பதிவுப் புத்தகத்தோடு. ரப்பர்ப் பால் ஸ்டோரில் நிறுக்கும் ஆள் இருந்தார். தொங்கல் வீட்டு அக்கா இருந்தாள். லயத்தின், எங்கள் வரிசை வீடுகளின், கடைசி வீட்டை நாங்கள் தொங்கல் வீடு என்போம். அதற்கு அடுத்தது என் வீடு. பால் வெட்டும் பெண்கள், அவளையும் என்னையும் சேர்த்து, பதினாறு பேர் இருந்தோம். பொலிஸ் சார்ஜன்ட் ஒருவர். பெண் கான்ஸ்டபிள் ஒருத்தி. ஜீப்பை ஓட்டி வந்தவர் இறங்கவில்லை. ஆனாலும் இருந்தார்.

மொத்தம் இருபத்திரண்டு பேர். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கத்தான் என் போனை எடுத்தார்கள்.

எங்களுடையது கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அந்த வருசம் மழை விடாமல் பெய்தது. லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது. முதலில் விரல் போகும் அளவு. நான்காம் நாள் என் கை முழங்கை வரை உள்ளே போனது. அரநாயக்கவில் மலை சரிந்ததை நாங்கள் செய்தியில் மட்டும் பார்த்தவர்கள் இல்லை. அங்கிருந்து வந்து எங்கள் லயத்தில் குடியேறியவர்கள் இருக்கிறார்கள். வெடிப்பைப் பார்த்ததும் அவர்கள்தான் முதலில் சாமான் கட்டினார்கள். ஆபீசில் போய்ச் சொன்னோம். பார்ப்போம் என்றார்கள். நான் வெடிப்பை வீடியோ எடுத்து, எங்கள் பெண்கள் குரூப்பில் போட்டேன். அங்கிருந்து யாரோ வெளியே அனுப்பினார்கள். அது எங்கெல்லாமோ போய்விட்டது. பொய்ச் செய்தி பரப்பிச் சனத்தைப் பயமுறுத்துகிறார்கள் என்று யாரோ பொலிசில் முறைப்பாடு கொடுத்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

அந்தப் போனில் என்ன இருந்தது என்று சொல்லவேண்டும். சொன்னால்தான் மற்றது விளங்கும்.

தேயிலை மலையில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து எடுப்பார்கள். வாய் ஓயாது. ரப்பரில் அப்படி இல்லை. ஒருத்திக்கு மரங்களில் ஒரு துண்டு. விடியலில் கத்தியோடு போனால், மரத்துக்கு மரம் தனியாகத்தான் நடக்கவேண்டும். பக்கத்துத் துண்டில் இருப்பவளின் தலைகூடத் தெரியாது. அதனால் எங்கள் பேச்சு போனுக்குள் போனது. எழுதிப் பழக்கமில்லை. பட்டனை அமுக்கிப் பேசி அனுப்புவோம். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகிற தூரத்துக்கு ஒரு குரல். மூச்சு வாங்குவதும் அட்டையை உதறும் சத்தமும் சேர்ந்தே வரும்.

எனக்குத்தான் அதிகம் வரும். நான் பதில் பேசமாட்டேன், கேட்பேன். கேட்டதை வெளியே விடமாட்டேன். அது லயத்துக்கே தெரியும். குரூப்பில் பேசமுடியாததை எனக்குத் தனியாக அனுப்புவார்கள். புருசன் குடித்தது, பிள்ளைக்கு மாப்பிள்ளை வந்தது, வயிற்றில் கட்டி இருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது. பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்கும் வரை நான் எதையும் திறக்கமாட்டேன். கை பாலாக இருக்கும். மத்தியானம் கை கழுவி, தண்ணீர் விழும் பீலிப் பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்பேன். கேட்காத குரலுக்குப் பக்கத்தில் சின்ன மைக் படம் பச்சையாக இருக்கும். கேட்டால் நீலமாகும்.

தொங்கல் வீட்டு அக்கா சில மாதமாக ஒரு ஆளைப் பற்றி என்னிடம் சொல்லி வந்தாள். என்ன சொன்னாள் என்று இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அவர்கள் செய்ததையே நானும் செய்தவளாவேன். இவ்வளவு சொல்லலாம். அந்த ஆளுக்கு அவள் என்னிடம் பேசுவது தெரியக்கூடாது. அந்த ஆளுக்குப் பொலிசில் பழக்கம் உண்டு.

சார்ஜன்ட் மரியாதையாகத்தான் பேசினார். என்னை நங்கி என்று கூப்பிட்டார். சிங்களத்தில் தங்கச்சி. பெரிய விசயம் ஒன்றுமில்லை, அந்த வீடியோவைப் பார்க்கவேண்டும், இரண்டு நாளில் தருகிறோம் என்றார். கண்டக்டர் ஐயா பக்கத்தில் நின்று, "வீடியோ புடிச்ச நேரத்துல ரெண்டு மரம் கூட வெட்டியிருக்கலாம்" என்றார். கான்ஸ்டபிள் ஜீப்பின் முன்மூடியில் தாளை வைத்து எழுதினாள். எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினாள். போனின் நிறம், உறையின் நிறம், கண்ணாடியில் எந்த மூலையில் கீறல், எந்தக் கம்பனி நம்பர் என்று எல்லாம் வாசித்தாள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் பாதி நாள் அதில்தான் போகும். எழுத்து மட்டும் தெரியாது. எங்களில் பலர் அப்படித்தான். காது போகிற இடத்துக்குக் கண் போகாது.

கேட்டது சரியாக இருந்தது. அத்சன் கரன்ன, கையெழுத்துப் போடு என்றாள். தமிழில் போட்டேன். பழக்கத்தில் பக்கத்தில் செக்ரோல் நம்பரையும் போட்டேன். எனக்கு ஒரு பிரதி தரவில்லை. நானும் கேட்கவில்லை. போனைத் திறக்கிற கோலத்தைக் கேட்டாள். விரலால் போட்டுக் காட்டினேன்.

இரண்டு நாள் பன்னிரண்டு நாளானது. பதின்மூன்றாம் நாள் ஸ்டேசனுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். போன் பிளாஸ்டிக் பையில் இருந்தது. வீடியோவைத் தவிர எதையும் தொடவில்லை என்றார் சார்ஜன்ட். சந்தோசம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். போனை எடுத்த அன்று பெரட்டுக்கு வருமுன்னால் எனக்கு நான்கு குரல் வந்திருந்தது. மூன்று தொங்கல் வீட்டு அக்காவுடையது. எதையும் நான் கேட்டிருக்கவில்லை. மத்தியானத்துக்கு என்று வைத்திருந்தேன்.

நான்கும் நீலமாக இருந்தது.

பால் வெட்டுகிறவளுக்கு இது தெரியும். என் மரத்தில் வேறு ஒருத்தி கத்தி வைத்தால், வெட்டின் சரிவைப் பார்த்தே சொல்லிவிடுவேன். எவ்வளவு நன்றாக வெட்டினாலும் அது என் கை இல்லை. நீலத்தைப் பார்த்தபோதும் அப்படித்தான் இருந்தது. நான் கேட்காததை வேறு யாரோ எனக்கு முன்னால் கேட்டிருந்தார்கள்.

யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று லயத்துக்கு வந்து பெண்களிடம் சொன்னது என் பிழையா என்று சில நாள் யோசித்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். நிவித்திகலப் பக்கம் மாணிக்கக் கல் குழியில் வேலை செய்யும் என் புருசனும் அதையே சொன்னார். மாதம் ஒரு முறைதான் வீட்டுக்கு வருவார். "நீலமோ பச்சையோ, வாயை மூடிக்கிட்டிரு" என்றார். மூடவில்லை. அவர்கள் குரல் அது. அவர்களுக்குத் தெரியவேண்டும்.

ஒவ்வொருத்தியாக வந்து கேட்டார்கள். என்னுடையதையும் கேட்டார்களா? தெரியாது என்றேன். பழைய குரல்கள் எல்லாம் நான் முன்பே கேட்டவை. ஏற்கெனவே நீலம். அவற்றில் எதைத் திரும்பத் திறந்தார்கள் என்று எந்த நிறமும் சொல்லாது. யார் கேட்டது, எத்தனை பேர் கேட்டது, கேட்டதை எழுதி வைத்தார்களா, அதுவும் தெரியாது. அதற்குப் பிறகு எனக்குக் குரல் வருவது நின்றது. மத்தியானம் பீலிப் பக்கம் உட்காருவேன். போன் சும்மா இருக்கும்.

தொங்கல் வீட்டு அக்கா கடைசியாக வந்தாள். வாசலில் நின்றே கேட்டாள்.

"என்னோடத எத்தன கேட்டாங்க?"

"மூணு தெரியுதுக்கா. மத்தது தெரியாது."

"தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்லு."

அவ்வளவுதான். ஏசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒரு பையில் துணி மடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். பெல்மதுளையில் அவள் மகள் வீடு இருக்கிறது. அந்த ஆள் காதுக்குப் போனது என்று தெரிந்தால் அங்கே போய்விட வேண்டியதுதான். போகாவிட்டால் வேலை இருக்கும், வீடு இருக்கும், இருபது வருசம் அவள் வெட்டிய மரம் இருக்கும். எது என்று முடிவு செய்ய அவளுக்கு ஒரு விவரம் வேண்டும். அந்த விவரம் என் போனுக்குள்ளிருந்து போனது. திரும்பக் கொண்டுவர வேண்டியவள் நான்.

டவுனில் போன் திருத்தும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்கார நானாவிடம் போனேன். முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்போம். பழைய குரலில் எது திரும்பத் திறக்கப்பட்டது என்று பார்க்கமுடியுமா என்று கேட்டேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்தப் போனுக்குள்ள அது இல்ல தங்கச்சி. அவங்கட பைலுக்குள்ளதான் ஈக்கும். அவங்கள்ட்டதான் கேக்கணும்."

பொலிசிடம் போய்க் கேட்டால் சொல்வார்களா என்றேன். வாயால் கேட்டால் சொல்லமாட்டார்கள், தாளால் கேட்டால் பதில் தரவேண்டும், அதற்குச் சட்டம் இருக்கிறது என்றார். சனிக்கிழமைகளில் டவுனில் இலவசமாகச் சட்டம் சொல்லும் ஒரு சட்டத்தரணி அம்மாவின் இடத்தைக் காட்டினார். போனைத் துடைத்துக் கொடுத்ததற்குக் காசு வாங்கவில்லை.

சட்டத்தரணி அம்மா சிங்களப் பெண். நான் சொன்னதை இடையில் நிறுத்தாமல் கேட்டார். பிறகு சொன்னார். பொலிஸ் போனைப் பார்க்கலாம், அதற்கு முறை இருக்கிறது. விசாரணை நடக்கும்போது சிலதை மூடி வைக்கலாம், அதுவும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் எடுத்தால் எதை எடுத்தோம் என்று பட்டியல் தரவேண்டும். மூடி வைப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். எல்லை எது என்று நாங்கள் கேட்காவிட்டால் அவர்கள் சொல்லமாட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு, நேரம் எடுக்கும், நடக்கவேண்டும், நடப்பாயா என்று கேட்டார்.

ஒரு நாளைக்கு முந்நூறு மரம் நடக்கிறவள் நான். நடப்பேன் என்றேன்.

தகவல் கேட்கும் விண்ணப்பத்தைத் தமிழில் நானே எழுதினேன். ஆறாம் வகுப்புவரை படித்த எழுத்து. அதில் மூன்று கேள்விதான். என் போனில் எந்தெந்தக் குரலைத் திறந்து கேட்டீர்கள். யார் கேட்டது. வேறு யாருக்காவது கொடுத்தீர்களா.

பதில் சிங்களத்தில் வந்தது. நானா வாசித்துச் சொன்னார். விசாரணை நடக்கிறது, தர முடியாது.

காத்திருந்தோம். அதற்கிடையில் மண் பார்க்கும் அதிகாரிகள் வந்தார்கள். வெடிப்பை அளந்தார்கள். லயத்தில் ஆறு வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்ட் அடித்து, மழை நாளில் இங்கே யாரும் படுக்கக்கூடாது என்று தாள் ஒட்டினார்கள். என் வீடும் அதில் ஒன்று. தொங்கல் வீடும் ஒன்று. வீடியோ பொய் இல்லை என்று சுவரே சொன்னது. முறைப்பாட்டை மூடிவிட்டார்கள். மூடியது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சட்டத்தரணி அம்மா கேட்டுத்தான் தெரிந்தது.

திரும்பவும் எழுதினேன். விசாரணை முடிந்துவிட்டது, இப்போது தாருங்கள். இரண்டாவது பதில் வேறு மாதிரி வந்தது. போனை நானே விரும்பிக் கொடுத்தேன், அதில் இருப்பதையெல்லாம் பார்க்க அனுமதித்துக் கையெழுத்தும் போட்டேன், அப்போது வேறு யாரும் அங்கே இல்லை, ஆகவே பட்டியல் தரத் தேவையில்லை.

நானா அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டாயா என்று கேட்கவில்லை. எனக்கே சந்தேகமாக இருந்தது. கையெழுத்துப் போட்டது உண்மை.

அந்தக் கிழமை பெரட்டில் கணக்கப்பிள்ளை, "என்னா, பொலிசோட சம்பந்தம் பேசுறியாமே, எப்ப பரிசம்?" என்று கேட்டார். கத்தியைத் தீட்டிக்கொண்டே, உங்களுக்கும் இலை போடச் சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகு கேட்கவில்லை. சாட்சி சொல்வீர்களா என்று நான் கேட்டபோது, அன்று அங்கே இருந்தேன் என்று மட்டும் எழுதிக் கொடுத்தார். பால் ஸ்டோர் ஆளும் கொடுத்தார். கண்டக்டர் ஐயா தரவில்லை. பதினைந்து பெண்கள் கொடுத்தார்கள். எனக்குக் குரல் அனுப்புவதை நிறுத்தியவர்கள்தான் அவர்கள். தாளைக் கொடுத்துவிட்டு வாசலிலேயே திரும்பிப் போனார்கள்.

மேன்முறையீடு கேட்க என்று கொழும்பில் ஓர் ஆணைக்குழு இருக்கிறது. சட்டத்தரணி அம்மா அங்கே மனுப் போட்டார், கூப்பிட்டார்கள். ஒரு நாள் பேர், அந்த நாள் சம்பளம், போனது. முதல் பஸ்ஸில் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் வயதான ஓர் அம்மா. பொலிஸ் பக்கம் ஒரு பெரிய அதிகாரி, பைலோடு. எங்கள் பக்கம் சட்டத்தரணி அம்மாவும் நானும். மொழி மாற்றிச் சொல்ல ஒருவரை உட்கார வைத்திருந்தார்கள்.

அதிகாரி பைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஜீப்பின் மேல் வைத்து எழுதிய அதே தாள். ஒரு வருசத்துக்குப் பிறகு அன்றுதான் அதைப் பார்க்கிறேன். நடுவில் இருந்த அம்மா, இது உன் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பக்கத்தில் இருக்கும் நம்பர் என்ன என்றார். செக்ரோல் நம்பர் என்றேன். வாசித்துப் பார்த்துத்தான் போட்டாயா என்றார்.

"வாசிக்கத் தெரியாதுங்க. வாசிச்சாங்க. கேட்டேன்."

என்ன கேட்டாய் என்று கேட்டார்.

நான் யோசிக்கவில்லை. சிங்களத்திலேயே சொல்ல ஆரம்பித்தேன். எழுத்துத் தெரியாதவளுக்குக் காதுதான் எழுதும் கொப்பி. அன்று பின்னேரமே தொங்கல் வீட்டு அக்காவுக்கு அப்படியே சொல்லிக் காட்டியிருக்கிறேன். போன் திரும்பி வராத பன்னிரண்டு நாளும் மரத்துக்கு மரம் போகும்போது மனதுக்குள் சொல்லியிருக்கிறேன். கறுப்பு நிறப் போன் ஒன்று. சிவப்பு உறை. கண்ணாடியில் இடது மேல் மூலையில் கீறல். சிம் ஒன்று. நம்பர். இன்ன தோட்டம், இன்ன பிரிவு. மண் வெடிப்பு வீடியோ பற்றிய முறைப்பாடு. வீடியோவைப் பார்ப்பதற்காகப் பொறுப்பெடுக்கப்பட்டது. பார்த்தபின் திருப்பித் தரப்படும்.

அந்த அம்மா தாளில் விரலை வைத்து, நான் சொல்லச் சொல்ல வரி வரியாக இறக்கிக்கொண்டு வந்தார். மொழி மாற்றுகிறவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஒன்பது சொன்னேன். நிறுத்தினேன்.

அவர் விரல் நின்றது. தாளில் இன்னும் ஒரு வரி இருந்தது.

"இன்னொன்று இருக்கிறதே."

"அத எனக்கு வாசிக்கலீங்க."

அந்த அம்மா தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், போனில் இருப்பதையெல்லாம் பார்க்க அனுமதிக்கிறேன் என்ற அந்த வரியை வாசித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் இருந்தவர்களுக்குக் காட்டினார். நாங்கள் கொடுத்த சாட்சித் தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். அதிகாரியிடம் கோபமாகப் பேசவில்லை. எழுதியவள் இப்போது எங்கே என்று கேட்டார். இடமாற்றம் என்றார் அதிகாரி. அந்த வரி எப்போது எழுதியது என்று கேட்டார். தெரியாது என்றார். பிறகு அவர் ஒரு கேள்வி கேட்டார். அதை நான் மறக்கமாட்டேன்.

"விசாரணை நடக்கும்போது மூடி வைத்தீர்கள், சரி. அது முடிந்து இத்தனை மாதம். இப்போது யாரிடமிருந்து மூடுகிறீர்கள்?"

அதிகாரி பைலைப் புரட்டினார்.

கடைசி வரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொடுத்தாலும் எடுத்தாலும், திறந்தது திறந்ததுதான், எதைத் திறந்தோம் என்று உரியவளுக்குச் சொல்லவேண்டும் என்று எழுதினார்கள். முப்பது நாளைக்குள். நான் எழுந்து நின்றேன். இன்னும் என்ன என்றார்.

"தமிழ்ல தரச் சொல்லுங்க."

அதையும் எழுதினார்கள்.

இருபத்தெட்டாம் நாள் கடிதம் வந்தது. ஆபீசுக்கு வந்ததைக் கணக்கப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தார். தடிப்பான உறை. இரண்டு கையாலும் கொடுத்தார்.

ஏழு பக்கம். தமிழ்தான். சில இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது, பரவாயில்லை. ஒவ்வொரு வரியிலும் ஒரு போன் நம்பர், குரல் வந்த நாள், திறந்து கேட்ட நாள், கேட்டவரின் பொலிஸ் நம்பர். கடைசியில், வேறு யாருக்காவது கொடுக்கப்பட்டதா. அந்த இடத்தில் எல்லா வரியிலும் இல்லை, இல்லை, இல்லை. கூட்டுத்தொகை எங்கேயும் போடவில்லை. பேர் இல்லை, நம்பர்தான். ஆகவே எல்லாரையும் வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பால் ஸ்டோர் வாசலில் கூடினோம். ரப்பர்க் கொட்டை வெடிக்கும் காலம். மரத்தடியெல்லாம் கொட்டை கிடந்தது. தொங்கல் வீட்டு அக்கா ஒரு கூடை பொறுக்கி வந்து சாக்கின் மேல் கொட்டினாள். நான் ஒரு நம்பரை வாசிப்பேன். அந்த நம்பருக்கு உரியவள் ஒரு கொட்டை எடுத்துத் தன் முன்னால் வைப்பாள். பலருக்குத் தங்கள் நம்பரே பாடமில்லை. போனைப் பார்த்துப் பார்த்து எடுத்தார்கள்.

இரண்டாம் பக்கம் வந்ததும் ஒருத்தி முன்னால் மட்டும் குவியல் உயர்ந்துகொண்டே போனது. அவள் சும்மாவே நிறுத்தாமல் பேசுகிறவள். கடைசியில் ஐம்பத்திரண்டு. "பாவம், அந்தப் பொலிசுக்குக் காது வலிச்சிருக்கும்" என்று யாரோ சொல்ல, அவளே சிரித்துவிட்டாள். இன்னொருத்திக்கு ஒன்றுகூட வரவில்லை. அவளுக்கு அது கோபம். இத்தனை பேருடையதைக் கேட்டவர்கள் என்னுடையதை ஏன் கேட்கவில்லை, நான் என்ன பேசத் தெரியாதவளா என்று முறைத்தாள்.

தொங்கல் வீட்டு அக்கா தன் கொட்டையை ஒரு வரிசையில் அடுக்கினாள். குவிக்கவில்லை. ஏழாம் பக்கம் முடிந்தபோது வரிசையில் பத்தொன்பது இருந்தது. எனக்குத் தெரிந்தது மூன்று. மற்றப் பதினாறும் பழையவை. தேடித் தேடித் திறந்திருக்கிறார்கள். வெடிப்பு வீடியோவுக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அவள் தாளை வாங்கித் தன் வரிகளை மட்டும் விரலால் தேடினாள். கேட்டவர் நம்பர் எல்லாவற்றிலும் ஒன்றுதான். திறக்கிற கோலத்தைக் கேட்ட பெண் கான்ஸ்டபிளாக இருக்கவேண்டும் என்று நான் சொன்னேன். வேறு யாருக்கும் கொடுக்கவில்லை என்று இருப்பதையும் காட்டினேன். அவள் கேட்டாள்.

"இத நம்பலாமா?"

"கையெழுத்துப் போட்டிருக்காங்கக்கா."

"நீயுந்தான் போட்ட."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது. ஆனால் அவள் தாளைக் கீழே வைக்கவில்லை. ஒரு வருசமாகத் தெரியாமல் இருந்தது இப்போது தெரிந்துவிட்டது. கேட்டிருக்கிறார்கள். ஒரே ஒரு பொலிஸ்தான் கேட்டது. இந்த நாளில் கேட்டது. நாளைக்கு அந்த ஆள் காதில் விழுந்தால், எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று நம்பரோடு இருக்கிறது. பெல்மதுளைக்குப் போவதாக இருந்தால் அவள் அப்போதே எழுந்து போயிருப்பாள்.

கேட்டதைப் பிரதி எடுத்து இன்னும் வைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். கடைசிப் பக்கத்தின் அடியில் இருக்கிறது என்றேன். பிரதி ஸ்டேசன் கம்ப்யூட்டரில் உள்ளது.

"அப்ப அழிக்கச் சொல்லு. சும்மா அழிச்சிட்டோம்னு சொல்லக் கூடாது. எண்ணி அழிக்கணும்."

அது சட்டத்தரணி அம்மா சொன்னதுதான். பட்டியல் வந்தால் அடுத்தது அதுதான் என்று, அழிக்கச் சொல்லிக் கேட்கும் மனுவைத் தமிழில் அடித்து முன்பே தந்திருந்தார். எத்தனை பதிவு என்று எழுதும் இடத்தில் ஒரு கோடு மட்டும் விட்டிருந்தார். அதை எடுத்து விரித்தேன். மேலிருந்து கடைசி வரி வரை சத்தமாக வாசித்தேன். முடிந்ததும், இனி வரி இல்லையே என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்று தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டார்கள். கடைசிச் சொல்லுக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவில் இடமே விடாமல் போட்டார்கள். ஒரு கொட்டையும் வராதவளும் போட்டாள். அந்தக் கோட்டை மட்டும், எல்லாரும் பார்க்க எண்ணி எழுதுவோம் என்று விட்டோம்.

பிறகு எல்லாருடைய கொட்டையையும் சாக்கின் நடுவில் சேர்த்துப் பத்துப் பத்தாகப் பிரித்தோம். முதல் முறை எண்ணியபோது சரியாக இருபத்தொரு குவியல் வந்தது. நான் பேனாவை எடுத்தேன். தொங்கல் வீட்டு அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். சாக்கின் மடிப்பைத் தூக்கினாள். உள்ளே ஒன்று உருண்டிருந்தது. அதை எடுத்துத் தனியாக வைத்தாள். திரும்ப முதலிலிருந்து அவளே எண்ணினாள்.

கோட்டின் மேல் எழுதினேன்.

இருநூற்றுப் பதினொன்று.